பேசாத வாயின் சூடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்தில் ஆரம்பித்தது இது. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அவிநாசி ரோட்டில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். மில்லில் எனக்குப் பட்டப்பெயரே 'சூடு பார்க்கிறவர்' என்பதுதான். காரணம், என் கையில் இருக்கும் தெர்மல் கேமரா.

கண்ணுக்குத் தெரியாத சூட்டை அந்தக் கேமரா நிறம் நிறமாகக் காட்டும். குளிர்ந்த இடம் நீலம், சூடான இடம் மஞ்சள், அதைவிடச் சூடு சிவப்பு, வெள்ளை. பேனல் போர்டைத் திறந்து அதைப் பிடித்தால், எந்த ஜாயின்ட் லூஸாக இருக்கிறதோ அது மட்டும் தனியாக எரியும். மோட்டாரில் எந்த பேரிங் போகப்போகிறது என்று புகை வருவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடலாம். இரண்டு தடவை பெரிய தீ விபத்தைத் தடுத்திருக்கிறேன். அதிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்தச் சித்திரையில் என் மனைவிக்குத் தாடை வலி வந்தது. வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். எதிரில் உட்கார்ந்திருந்தால் எனக்கே கேட்கும். கொட்டாவி விடப் பயந்தாள். நிலக்கடலை என்றால் உயிரை விடுகிறவள், மாலையில் வறுத்த கடலையை எனக்கு மட்டும் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் கேமராவைக் கோவையில் காலிபரேஷனுக்கு, அதாவது அளவு சரிபார்க்க, கொடுக்க வேண்டியிருந்தது. முந்தின நாள் சாயந்தரமே வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு யோசனை வந்தது.

"இந்தப் பக்கம் திரும்பு அம்மணி, உன்ற தாடையப் பார்த்துப்போடலாம்" என்றேன்.

தோசைக் கரண்டியோடு திரும்பினாள். கேமராத் திரையில் அவளுடைய வலது கன்னம் காதுக்குக் கீழே வரைக்கும் செக்கச்செவேல் என்று இருந்தது. இடது கன்னம் சாதாரணம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்கிரீனை அப்படியே செல்போனில் படம் பிடித்து அவளிடம் காட்டினேன்.

"ஏனுங்க, எனக்கு எடது பக்கந்தாங்க ஜாஸ்தியா வலிக்குது" என்றாள்.

"வலி எடத்துக்கு எடம் பாயும். கேமரா பொய் சொல்லாது. வலதுதான்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பித் தோசையைப் புரட்டினாள்.

அடுத்த வாரம் பல் டாக்டரிடம் போனோம். அவர், "எந்தப் பக்கங்க வலிக்குது?" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார். "வலதுங்க" என்று நான் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், வலது பக்கக் கடைவாயில் ஞானப்பல் ஒன்று கொஞ்சம் சாய்ந்து முளைத்திருந்தது. சொத்தை இல்லை, சீழ் இல்லை. "இதனாலதான் வலின்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதுங்க. கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்றார் அவர். நான் விடவில்லை. செல்போனை நீட்டி என் சிவப்புப் படத்தைக் காட்டினேன். சாய்ந்த பல்லும் அங்கேதான், சூடும் அங்கேதான், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று வக்கீல் மாதிரி பேசினேன். டாக்டர் கடைசியில் அவளிடம், "எடுத்துரலாங்களா?" என்று கேட்டார்.

அவள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

எடுத்துவிட்டார்கள். ஆட்டோவில் திரும்பும்போது வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு வந்தவளிடம், "ஒரு வாரம் பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்க, அப்பறம் ஒண்ணுமிருக்காது" என்று வேறு ஆறுதல் சொன்னேன்.

பல் எடுத்த புண் ஆறியது. தாடை வலி போகவில்லை. ஆடி மாதத்துக்குள் இன்னும் மோசமானது. முன்பு மூன்று விரல் நுழைகிற அளவுக்குத் திறந்த வாய், இப்போது ஒரு விரலுக்கு மேல் திறக்கவில்லை. அரிசிம்பருப்பு சாதத்தைக்கூட நன்றாகக் குழைத்துச் சிறு கரண்டியால் உள்ளே தள்ளினாள். சொந்தக்காரர் வீட்டு விருந்தில் எல்லாரும் ஒப்பிட்டுப் போளி சாப்பிட, அவள் பாயசத்தை மட்டும் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "வவுறு சரியில்லைங்க" என்று பொய் சொன்னாள். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், வாய் திறக்காமல் போவது பெரிய வியாதிக்கு அறிகுறி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளுக்கு எப்போதோ பிடித்திருக்க வேண்டும். வெளியே சொல்லவில்லை.

பயத்தில் மனிதனுக்குப் புத்தி வர வேண்டும். எனக்கு வரவில்லை. இடது பக்கத்திலும் ஒரு ஞானப்பல் இருக்கிறதே, அதையும் எடுத்துவிட்டால் என்ன என்று அதே டாக்டரிடம் அவளை இழுத்துக்கொண்டு போனேன். நல்ல மனிதர் அவர். இந்தத் தடவை சேரை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"நான் தொட மாட்டேனுங்க. இது பல்லு பிரச்சினையே இல்லீங்க. தாடை மூட்டு. பல் மருத்துவக் கல்லூரியில அதுக்குன்னே பார்க்கறாங்க, அங்க போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனோம். டோக்கன் வாங்கி, இரண்டு வராந்தா தாண்டி, ஒரு சின்ன ஏசி அறை. உள்ளே மேற்படிப்புப் படிக்கும் இளம் டாக்டரம்மா ஒருவர். கண்ணாடி போட்டிருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். அவருக்குப் பக்கத்தில், ஸ்டாண்டில், ஒரு தெர்மல் கேமரா!

எங்கள் மில்லில் இருக்கிறதே, அதே ஜாதி. இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது, அவ்வளவுதான். வெளியூரில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி எனக்கு ஒரே குஷி. "இதுதானுங்க டாக்டர் என்ற தொழிலே" என்று ஆரம்பித்து, பத்து நிமிடம் என் பிரதாபத்தை அளந்தேன். பிறகு செல்போனை எடுத்து, "நான் அப்பவே பார்த்துட்டேனுங்க" என்று அந்தச் சிவப்புப் படத்தைக் காட்டினேன்.

அவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பொறுமையாகப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்ததுங்க சார்?"

"சாயந்தரங்க. இவ தோசை ஊத்திட்டிருந்தா."

"அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சுங்க?"

எங்கள் சமையலறையில் அடுப்பு ஜன்னலோரம். ஹாலைப் பார்க்க ஒருக்களித்து நின்று தோசை ஊற்றுகிறவளுக்கு அது வலது பக்கம். கால் மணி நேரமாக அனலில் காய்ந்த கன்னத்தைப் படம் எடுத்து, அதை வைத்து ஒரு நல்ல பல்லைப் பிடுங்க வைத்திருக்கிறேன்.

மில்லில் இந்தத் தப்பை நான் கனவிலும் செய்ய மாட்டேன். வெயில் படுகிற பேனலை வெயில் தாழ்ந்த பிறகுதான் பார்ப்பேன். பளபளக்கும் செம்புக் கம்பியைக் கேமரா சரியாகப் படிக்காது என்பதால் கறுப்பு டேப் ஒட்டிப் பார்ப்பேன். பக்கத்தில் வேறு சூடு இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்காமல் பட்டனை அழுத்தினால், புதிதாக வந்த பையன்களைக் காது கிழியத் திட்டுவேன். ஒரு மோட்டாருக்குக் கொடுத்த அந்த மரியாதையை என் மனைவியின் முகத்துக்கு நான் கொடுக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அவள் வாயைக் கெடுத்துவிட்டேன்.

டாக்டரம்மா என்னைக் குத்திக்காட்டவில்லை. வேலையில் இறங்கிவிட்டார். காலையில் காபி குடித்தீர்களா, முகத்துக்கு கிரீம் போட்டீர்களா, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பஞ்சால் முகத்தைத் துடைத்தார். முடியை மேலே தூக்கிக் கட்டச் சொன்னார். மூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் தோட்டைக் கழற்றச் சொன்னார். அவள் கழற்றி என் கையில் கொடுத்தாள். ஏசிக் காற்று நேராக முகத்தில் படாமல் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"இருபது நிமிஷம் சும்மா உட்காருங்கக்கா. முகம் இந்த ரூமுக்குப் பழகணும். பேச வேண்டாம், தொட வேண்டாம்."

கல்யாணமான இந்த இருபத்தாறு வருடத்தில், பேச்சில்லாமல் இருபது நிமிடம் நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். திரையில் அவள் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. கண்ணோரம் இரண்டும் மஞ்சள். மூக்கு நுனி நீலம். நெற்றியில் ஒரு நரம்பு, மங்கலான ஒரு கோடாக ஓடியது. மூச்சை இழுக்கும்போது மூக்குத் துவாரம் நீலமானது, விடும்போது மஞ்சளானது. நீலம், மஞ்சள், நீலம், மஞ்சள். அவள் உயிரோடு இருப்பது எனக்கு நிறமாகத் தெரிந்தது. எத்தனையோ மெஷின்களை இந்தக் கேமராவில் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கோயில் சன்னதியில் திரை விலகும்போது வாயைப் பொத்திக்கொண்டு நிற்போமே, அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இருபது நிமிடம் முடிந்து படம் எடுத்தார். நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. "ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கணுங்க சார். இங்க பாருங்க" என்று காட்டினார். காதுக்கு முன்னால், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஓர் இடம் மட்டும் சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது. இடது காது.

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

"இதை மட்டும் வெச்சு நாங்க முடிவு பண்ண மாட்டோம். எங்க தேடணும்னு இது வழி காட்டும். மத்ததை நீங்கதான் சொல்லணுங்கக்கா" என்று நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா கேள்வி கேட்க ஆரம்பித்தார். எப்போதிருந்து வலி, எப்போது அதிகம், தூக்கம் எப்படி, வீட்டில் யார் யார், மனசுக்குப் பாரமாக ஏதாவது உண்டா என்று நிறையக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? இவ்வளவு பட்டும் எனக்கு உறைக்கவில்லை. தூக்கமெல்லாம் நல்லாத் தூங்குவா, வீட்டுல ஒரு கஷ்டமும் இல்லீங்க, என்ற அம்மாவுக்கு முடியாம போனதிலிருந்து கொஞ்சம் வேலை ஜாஸ்தி, அவளுக்கு அதெல்லாம் பழக்கந்தான் என்று நானே அளந்து விட்டேன். நடுநடுவே "அப்படித்தான அம்மணி?" என்பேன். "ஆமாங்க", "சரிங்க" என்பாள். டாக்டரம்மா என்னைத் தடுக்கவில்லை. கால் மணி நேரம் பேச விட்டார். பிறகு மறுபடியும் ஒரு படம் எடுத்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டு கன்னத்திலும், தாடை எலும்பிலிருந்து மேல்நோக்கி, பட்டையாக வெளிச்சம் ஏறியிருந்தது. நெற்றிப்பொட்டிலும் கொஞ்சம். கையால் தொட்டால் தெரியாத அளவு வித்தியாசம்தான். ஆனால் சூடு பார்க்கிறவன் கண்ணுக்கு அது தப்பாது. லோடு ஏறிய மோட்டார் அப்படித்தான் இருக்கும்.

"எப்படிங்க டாக்டர்? இவ பேசவே இல்லீங்களே. நாந்தானுங்க பேசினேன்" என்றேன்.

"அதேதாங்க சார். அக்கா பேசலை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து வந்து, என் கையைப் பிடித்து, அவள் நெற்றிப்பொட்டு இரண்டிலும் என் விரல்களை வைத்தார். "அழுத்தாதீங்க, சும்மா வைங்க. இப்ப வீட்டுல பேசற மாதிரி ஏதாவது கேளுங்க."

வாயில் வந்ததைக் கேட்டேன். "வர்ற ஞாயித்துக்கிழமை பவானிக்கு எங்க அண்ணன் ஊட்டுக்குப் போலாமா?"

"சரிங்க" என்றாள்.

வார்த்தை முடிந்தது. உதடு மூடியது. அந்த நொடியில் என் விரலுக்கு அடியில், தோலுக்குள்ளிருந்து, ஒரு கட்டி எழுந்தது. கல் மாதிரி. எழுந்து, அப்படியே நின்றது. நான் விரலை எடுக்காமல் காத்திருந்தேன். அது இறங்கவே இல்லை. முகத்தில் ஒரு மாற்றமும் கிடையாது. எப்போதும் போல அமைதியாக, லேசாகச் சிரித்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

அவளுக்கே அது தெரியாது. "நான் பல்லைக் கடிக்கறனுங்களா?" என்று ஆச்சரியமாகக் கேட்டாள்.

சும்மா இருக்கும்போது உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேரக்கூடாது என்று டாக்டரம்மா விளக்கினார். சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் தவிரப் பல்லுக்குப் பல் படவே வேண்டியதில்லையாம். நாள் முழுவதும் அப்படிக் கடித்துக் கடித்துத்தான் சதை களைத்து, மூட்டு நொந்து, வாய் திறக்காமல் போயிருக்கிறது. பயப்படுகிற மாதிரி பெரிய வியாதி எதற்கும் அறிகுறி இல்லை, சரி பண்ணிவிடலாம் என்றார். "இதுக்குப் பல காரணம் இருக்குங்க சார், ஒருத்தரைச் சொல்ல முடியாது" என்று எனக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். சில மாதங்களுக்கு முன்பு ஆட்டோவில், 'பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்க' என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னதைத்தான் செய்திருக்கிறாள்.

விரல் வைக்கும்போது மேஜையில் வைத்ததை மறுபடி எடுத்து இறுக மூடியிருந்த கையைத் திறந்தேன். அவளுடைய தோடு உள்ளங்கையில் அழுந்திப் பதிந்திருந்தது.

வெளியே வந்து, எதிரில் இருந்த பேக்கரியில் டீ சொன்னேன். அவளுக்கு ஆற்றிக் கொடுக்கச் சொன்னேன். டீ வந்ததும் கேட்டேன்.

"எடது பக்கம்னு உனக்குத்தான் தெரியுமே. பல்லு எடுக்கறப்ப ஏன் சரின்னு சொன்ன?"

"மூணு தடவை சொன்னேனுங்க. நாலாவது தடவை சொல்றதுக்கு, சரிங்கறது லேசு." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்: "அதுவுமில்லாம, நீங்க கேமராவைக் கையில வெச்சிருந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னை மன்னிச்சுக்க அம்மணி" என்றேன். "டீக்கடையில உக்காந்து என்னங்க இது, எந்திரிங்க" என்று அவள்தான் முதலில் எழுந்தாள்.

பிறகு வைத்தியம் நடந்தது. மெத்தென்ற சாப்பாடு, வெதுவெதுப்பான துணியில் ஒத்தடம், சில பயிற்சிகள், தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு கண்ணாடி மாதிரியான உறை. பல் சேருகிறதா என்று ஞாபகப்படுத்த, கண்ணில் படுகிற இடத்தில் எல்லாம் ஏதாவது ஒட்டி வையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். என் மனைவி ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டினாள். பிரிட்ஜில் ஒன்று, கிரைண்டரில் ஒன்று, டிவி ஓரத்தில் ஒன்று. பொட்டைப் பார்த்தால் பல்லைப் பிரிக்க வேண்டும். என் பங்குக்கு நானும் ஒரு வேலை எடுத்துக்கொண்டேன். அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் காலை வேலை முழுவதும் என்னுடையது. ஒரு நாள் குளித்துவிட்டு வந்தபோது, என் சட்டைப் பையில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. எதற்கு என்று கேட்டேன். "நீங்க எனக்குப் பதிலா பேச ஆரம்பிச்சீங்கன்னா, அதைப் பார்த்துக்கங்க" என்றாள்.

நாலு மாதம் கழித்து மறுபடியும் அதே நாற்காலி, அதே இருபது நிமிடம். திரையில் இரண்டு கன்னமும் ஒரே நிறம். டாக்டரம்மா கேள்வி கேட்டபோது நான் பொட்டைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் பேசினாள். தூக்கமில்லாமல் கழிந்த ராத்திரிகளைப் பற்றி, என்னிடம் சொல்லாத பயத்தைப் பற்றி, இன்னும் நான் அறியாத என்னென்னவோ பற்றி. ஒரே வீட்டில் இருந்தும் எனக்குக் கேட்காதவை அவை. அன்று சாயந்தரம் இரண்டு தட்டில் கடலை வைத்தாள்.

மில்லில் இப்போதும் நான்தான் சூடு பார்க்கிறவர். கேமராவை நம்புகிறேன். ஆனால் பட்டனை அழுத்துவதற்கு முன்னால், அந்த மெஷினை ஓட்டுகிறவரிடம் எங்கே சத்தம் வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் அவள் "சரிங்க" என்று சொன்னால் அத்தோடு நகர்ந்துவிடுவதில்லை. "நெசமாத்தானா அம்மணி?" என்று நின்று கேட்கிறேன். சில நேரம் "ஆமாங்க" என்கிறாள். சில நேரம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லீங்க" என்கிறாள். அந்த ஒரு "இல்லீங்க" என் காதில் விழுவதற்கு இருபத்தாறு வருடமும் அவளுடைய ஒரு நல்ல பல்லும் ஆயிற்று.